க்ளூனியில் ஜன்னல் மாற்றுவதற்கு முன்

கேள்வி: பிரான்ஸில் க்ளூனி மடாலயத்துக்குப் பின்தெருவில் ஒரு பழைய கல் வீடு வாங்கியிருக்கிறோம். மர ஜன்னல்களை எடுத்துவிட்டு பி.வி.சி. போட ஆசை. வீடு தேடி வந்த விற்பனையாளர், "மடாலயத்திலிருந்து உங்கள் ஜன்னல் தெரியாது, அனுமதியே வேண்டாம்" என்று சொல்லி முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். வீட்டில் வைத்துப் போட்ட ஒப்பந்தத்துக்கு முதல் 7 நாள் ஒரு சல்லிக்காசுகூட வாங்க அவருக்கு உரிமையில்லை. கையோடு காசோலை கேட்கிறார் என்றால் ஆள் எப்படிப்பட்டவர் என்று புரிந்துகொள்ளுங்கள். "14 நாளுக்குள் ரத்து செய்துகொள்ளலாம்" என்றும் சொல்வார். அளவெடுத்துச் செய்யும் ஜன்னலுக்கு அந்தச் சலுகை கைகொடுக்காமல் போகலாம்; அதை மட்டும் சொல்லமாட்டார். ஆகவே, அனுமதி கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் செல்லாது, பணம் திரும்ப வரும் என்று எழுதி வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இனி அந்த "தெரியாது" கதை. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மடாலயம் போன்ற பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்திலிருந்து 500 மீட்டருக்குள் இருக்கும் வீடு அங்கிருந்து தெரிகிறதா என்பது பாதிக் கேள்விதான். வேறொரு இடத்தில், ஏதோ ஒரு தெருத் திருப்பத்தில் நின்றால் மடாலயக் கோபுரமும் உங்கள் வீடும் சேர்ந்தாற்போல் தெரிந்தாலும் அது கணக்கில் வரும். நினைவுச்சின்னத்தைச் சுற்றித் தனியாக எல்லை வரைந்த பாதுகாப்புப் பகுதியென்றால் தெரிவது, தெரியாதது என்ற பேச்சுக்கே இடமில்லை. உங்கள் தெரு எதில் வருகிறது என்று மெரியில் (நகராட்சி அலுவலகத்தில்) கேளுங்கள், விற்பனையாளரிடம் அல்ல.

ஜன்னலின் வெளித்தோற்றம் மாறினாலே மெரியில் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். கட்டணம் இல்லை. சாதாரணமாக ஒரு மாதம். பாதுகாப்புப் பகுதியில் அரசின் பாரம்பரியக் கட்டடக் கலைஞரும் சம்மதிக்க வேண்டும் என்பதால் இரண்டு மாதம். நான்கு ஜன்னலுக்கு இரண்டு மாதம்! இதே மடாலயத்தில் 1088-ல் கட்டத் தொடங்கிய 187 மீட்டர் நீளத் தேவாலயத்தை 1798-ல் விற்று, கல்லைப் பெயர்த்தெடுக்க விட்டபோது இந்த அக்கறையெல்லாம் எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை. பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. ஆனாலும் அனுமதியில்லாமல் மாற்றினால் அபராதம் உங்களுக்குத்தான், குறைந்தது 1,200 யூரோ. மாட்டியதைக் கழற்றவும் சொல்வார்கள். விற்றவர் அதற்குள் அடுத்த ஊருக்குப் போயிருப்பார்.

பி.வி.சி.க்குச் சம்மதம் கிடைப்பது கடினம். மரத்திலேயே இரட்டைக் கண்ணாடி போட்டு, பழைய ஜன்னல் சட்டகத்தின் பருமனுக்கே வரைபடம் கொடுங்கள்; அது சுலபமாகத் தேறும்.

அப்புறம் ஒன்று. க்ளூனியில் 12-ஆம் நூற்றாண்டு வீடுகள் இன்னும் நிற்கின்றன. அவற்றின் மாடியில் சிறு தூண்கள் தாங்கும் வளைவு ஜன்னல்கள் வரிசையாக இருக்கும். சில இடங்களில் பிற்காலத்தில் அடைத்துப் பூசிவிட்டார்கள். உங்கள் மாடிச் சுவரைத் தட்டிப் பாருங்கள். பூச்சுக்குள்ளே உருண்டையாய்த் தூண் தலை ஏதும் தட்டுப்பட்டால் உளியைக் கீழே வைத்துவிட்டு மெரிக்கு போன் செய்யுங்கள்.