ஓடும்போது வள்ளம் இடப்பக்கம் சாய்கிறது, எங்கே பார்ப்பது?

முல்லைத்தீவுப் பக்கத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: 19 அடி பைபர் படகு, 25 குதிரைவலு இஞ்சின். ஓடும்போது இடப்பக்கம் சாய்கிறது. புரொப்பெல்லர் மாற்றியும் சரிவரவில்லை. அடுத்து என்ன செய்வது?

தம்பி, ஒரு விசயத்தை விட்டுவிட்டீர்கள். இஞ்சினை நிற்பாட்டி, ஆட்களெல்லாம் நடுவில் இருக்கும்போது படகு நேராக நிற்கிறதா? அது தெரியாமல் இனி ஒரு சாமானும் வாங்க வேண்டாம். அப்படி வாங்கி வாங்கித்தான் நான் ஒரு பருவத்து உழைப்பைக் கரைத்தேன்.

"நேராத்தான் நிக்குது" என்றுதான் எல்லோரும் சொல்லுவோம். நானும் சொன்னேன். கடலில் அலை ஆடிக்கொண்டிருக்கும்போது ஒரு விரல் சரிவு கண்ணுக்குப் பிடிபடாது. விடியப்புறம் காற்று எழும்ப முன் நந்திக்கடல் களப்புக்கோ நாயாற்றுக் களப்புக்கோ படகைக் கொண்டு போங்கள். வலை, ஐஸ் பெட்டி, எண்ணெய்க் கான் எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். நேரான சோடாப் போத்தல் ஒன்றில் தண்ணீரை நிரப்பி, கொட்டைப்பாக்களவு காற்று மட்டும் விட்டு மூடி, குறுக்குப் பலகையின் மேல் அதன் நீளத்துக்குப் படுக்க வையுங்கள். குமிழி ஓடுகிற பக்கம் உயரம். பிறகு அடிமட்டம் ஒன்றை எடுத்து, பின்பக்க மூலை இரண்டிலும் படகின் விளிம்பிலிருந்து தண்ணீர் வரைக்கும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை.

என் கதையைச் சொன்னால் இது ஏன் என்று விளங்கும். மீள்குடியேறி வந்த பிறகு கள்ளப்பாட்டில் ஒருவரிடம் பழைய படகொன்று வாங்கினேன். சுனாமிக்குப் பிறகு எங்கள் கரைக்கு அள்ளி அள்ளி வந்த பைபர் படகுகளில் அதுவும் ஒன்று. அந்த அவசரத்தில் கட்டின படகுகள் எல்லாம் ஒரே தரமாக வரவில்லை என்பது கரையில் நிற்கிற எவருக்கும் தெரியும். முதல் மாதம் நன்றாக ஓடியது. மாரி தொடங்கின பிறகு, வேகம் எடுத்தால் இடப்பக்கம் தாழத் தொடங்கியது. இஞ்சின் பார்க்கிறவர் வந்து காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "புரொப்பெல்லர்தான் அண்ணை" என்றார். மாற்றினேன். பிறகு அடியில்தான் ஓட்டை என்று ஒருவர் சொல்ல, கரையில் ஏற்றிக் கவிழ்த்து, ரெசினும் பைபர் துணியும் வாங்கி அடியை ஒட்டினேன். அதுவும் வீண். கடைசியில் உரப்பையில் மண் நிரப்பி வலப்பக்கத்தில் போட்டேன். படகு நேராகிவிட்டது! ஒரு மாதம் பெருமையாக ஓடினேன். அடுத்த மாதம் இரண்டு பை தேவைப்பட்டது.

ஒரு நாள் வாடியில் (கரைக் கொட்டிலில்) கிழவர் ஒருவர் படகுக்குள் ஏறி, படகு தாழாமல் இருக்க உட்பக்கம் ஓரமாக மூடிக் கட்டியிருக்கிற காற்றுப்பெட்டியை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தார். வலப்பக்கம் நெடுகிலும் வெறும் தகரப்பேணி மாதிரிச் சத்தம். இடப்பக்கம் முன்னுக்கு அதே சத்தம். பின்னுக்கு வர வர இளநீர்க் கோம்பையைத் தட்டின மாதிரி அமுங்கிப் போனது. "மேன, இதுக்குள்ள தண்ணி கிடக்கு" என்றார். பெட்டியின் பின் மூலையில், அடியோடு ஒட்டி, சின்ன விரல் பருமனில் ஒரு துளை போட்டோம். பீச்சிக்கொண்டு வந்தது. நாலு வாளி பிடித்தோம். வாளி பத்து லீற்றர் என்றால் நாற்பது கிலோ. ஒரு பெடியன் எந்நேரமும் என் இடப்பக்க மூலையில் குந்திக்கொண்டு வந்திருக்கிறான்.

கிழவர் அதை ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "உப்பு இல்லை." அதாவது மழைத் தண்ணீர். அடியில் ஓட்டையே இல்லை, நான்தான் அடியைப் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். மேல் விளிம்பை வடிவாகப் பார்த்தபோது, முந்தின சொந்தக்காரர் ஏதோ இரும்பு பூட்டிக் கழற்றின நாலு ஆணித் துளைகள். மேலே பெயின்ற், உள்ளே துளையை அடைத்த பட்டி உதிர்ந்துபோயிருந்தது. கரையில் ஏற்றிவிட்ட நாட்களில் மழை அதற்குள்ளால் சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கிறது. நீங்கள் துளை போட்டுத் தண்ணீர் வந்தால் நீங்களும் நாக்கில் வைத்துப் பாருங்கள். உப்பென்றால் அடியிலோ பக்கத்திலோ தேடுங்கள், நல்ல தண்ணீர் என்றால் மேலே தேடுங்கள்.

நிற்கும்போது தெரியாதது ஓடும்போது ஏன் தெரிந்தது? நிற்கும்போது அந்தத் தண்ணீர் பெட்டியின் நீளத்துக்குப் பரவிக் கிடக்கும், படகும் முழு அடியாலும் தண்ணீரில் தாங்கி நிற்கும். ஓடத் தொடங்கினால் அணியம் (படகின் முன்முனை) எழும்பும், தண்ணீர் முழுவதும் பின் மூலைக்கு ஓடும், படகைத் தாங்குகிறதும் பின்னடி மட்டும்தான். போதாக்குறைக்கு இஞ்சினும் அதே பக்கத்தை அமுக்கும்.

இஞ்சின் அமுக்குகிற கதையையும் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் இருக்கிற இஞ்சின்களில் புரொப்பெல்லர், முன்னோக்கி ஓடும்போது பின்னால் நின்று பார்த்தால், மணிக்கூட்டுக் கம்பி சுற்றுகிற பக்கம் சுற்றும். அது தண்ணீரை அந்தப் பக்கம் முறுக்க, தண்ணீர் படகை மற்றப் பக்கம் முறுக்கும். அதனால் இடப்பக்கம் சற்றுத் தாழ்வது எல்லாப் படகுக்கும் உள்ளதுதான். அக்சிலேற்றரை முறுக்கினால் கூடும், விட்டால் குறையும். ஒரு விரல், இரண்டு விரல் என்றால் அது நோய் இல்லை. ஓட்டுகிறவர் வலப்பக்கம் இருந்து இடது கையால் இஞ்சின் பிடியைப் பிடித்தாலே அரைவாசி சரிவரும். எண்ணெய்க் கானையும் வலப்பக்கம் வையுங்கள். 20 லீற்றர் மண்ணெண்ணெய் ஏறத்தாழ 16 கிலோ. ஆனால் ஒன்று: படகு வலப்பக்கம் சாய்ந்தால் இந்த முறுக்கைக் குற்றம் சொல்ல முடியாது. வேறு காரணம் தேடுங்கள்.

அடுத்தது காற்று. இதை நம்பாதவர்கள் நிறையப் பேர். வடகிழக்குக் காற்று அடிக்கிற வாடைக் காலத்தில் முல்லைத்தீவிலிருந்து தெற்கே அளம்பில், செம்மலைப் பக்கம் ஓடிப் பாருங்கள். காற்று இடப்பக்கத்தால் வரும். காற்று தள்ளினால் வலப்பக்கம்தானே சாய வேண்டும்? இல்லை, வேகமாக ஓடுகிற படகு இடப்பக்கம், காற்றைப் பார்த்துத்தான் சாயும். காற்று அணியத்தை வலப்பக்கம் தள்ள, நீங்கள் அறியாமலே இஞ்சினைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு ஓடுகிறீர்கள். வளைவில் திரும்பும்போது உட்பக்கம் படுக்கிற மாதிரியே படகு படுக்கும். திரும்பி வரும்போது சாய்வு வலப்பக்கம் மாறினால் காற்றுத்தான். படகில் கை வைக்க வேண்டாம். போகவும் வரவும் ஒரே கோட்டில் ஓடிப் பார்க்காமல் பழுது என்று முடிவு கட்டக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

திரும்பும்போதெல்லாம் சாய்வு பக்கம் மாறி, திரும்பின பக்கத்திலேயே நின்றுகொண்டால் அடித்தளத்தில் தண்ணீர் அலைகிறது. இறைத்துவிட்டுப் பாருங்கள், அவ்வளவுதான்.

பெட்டி வரட்சியாக, காற்றும் இல்லாமல், இன்னும் சாய்கிறதென்றால் கரையில் ஏற்றிப் பார்க்க வேண்டும். அணியத்து நுனியில் கயிறொன்றைக் கட்டி, பின்பலகையின் இரு மூலைக்கும் அளந்து, சரி நடுவைக் கண்டுபிடியுங்கள். இஞ்சின் அதில் இருக்கிறதா? ஐம்பது கிலோவை ஒட்டின பாரம், நாலு விரல் தள்ளிப் பூட்டினாலும் காட்டிக்கொடுக்கும். பிறகு நேரான சட்டம் ஒன்றை அடியில், பின்னிருந்து முன்னாக, ஏராவுக்கு (அடியின் நடுமுதுகுக்கு) இரு பக்கமும் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் பின்முனை கீழ்நோக்கி வளைந்திருந்தால், ஓடும்போது தண்ணீர் அந்தப் பக்கத்தைத் தூக்கும், மற்றப் பக்கம் தாழும். மிசினால் இழுத்து, மேடும் பள்ளமுமான கட்டைகளில் மாதக்கணக்காக ஏற்றிவைத்த படகுகளில் இது வரும். ஒரு பக்கம் மட்டும் சிப்பி பிடித்திருந்தாலும் இழுக்கும், சுரண்டிவிடுங்கள்.

இஞ்சினில் புரொப்பெல்லருக்கு மேலே இருக்கிற தட்டுக்குக் கீழே உள்ள சின்னச் செட்டையைத் திருப்பச் சொல்லி ஆட்கள் சொல்லுவார்கள். பிடி கையை ஒரு பக்கம் இழுத்தால் அதைத் திருப்பலாம்: படகு வலப்பக்கம் இழுத்தால் செட்டையின் பின்முனையை வலப்பக்கம். சாய்வுக்கு அது மருந்து இல்லை.

மண் மூட்டை போடுகிறதைப் பற்றி என் அபிப்பிராயம் இப்போது தெரிந்திருக்கும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானபோது, மண்ணையும் தண்ணீரையும் கடலுக்கு ஏற்றி இறக்க எவ்வளவு எரித்திருப்பேன் என்று கணக்குப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். செலவு ஒரு பக்கம். ஒருக்கா அலை ஏறிப் படகு நிரம்பினால் மிதக்கவைப்பது அந்தக் காற்றுப்பெட்டிதான். அதற்குள் தண்ணீர், எதிர்ப்பக்கம் மண் என்றால் தாழ்கிறதுக்கு நாமே ஏற்பாடு செய்த மாதிரி. கடலில் வைத்துத் திடீரென்று சாய்வு கூடினால் அக்சிலேற்றரை ஒரேயடியாக விடாதீர்கள், பின்னலை பின்பலகையால் ஏறும். மெல்லக் குறைத்து, ஆட்களை நடுவில் தாழ இருக்கச் சொல்லுங்கள். எல்லோரும் எதிர்ப்பக்கம் பாய்ந்தால் அங்கால் கவிழும்.

துளை போட்டால் அதைத் திறந்தபடி விட்டுவிட்டுக் கடலுக்குப் போகவேண்டாம், திருகிப் பூட்டுகிற பிளக் ஒன்று வைத்து ஒட்டுங்கள். உடனே ஒட்டவும் கூடாது. நல்ல தண்ணீரால் கழுவி, நாலைந்து நாள் வெயிலில் காயவிட்டு, அரத்தாள் போட்டுத் தேய்த்த பிறகுதான் ரெசின் பிடிக்கும். பெட்டிக்குள் நுரை அடைத்த படகென்றால் கரைச்சல் கூட. ஊறின நுரை துளையால் வடியாது, மேல் தளத்தை வெட்டி அந்தத் துண்டை எடுக்கத்தான் வேண்டும்.

போத்தலையும் அடிமட்டத்தையும் வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டு மூலை அளவையும் இங்கே எழுதுங்கள். காற்றுப்பெட்டியா நுரையா என்பதையும் சேர்த்து எழுதுங்கள், மிச்சத்தைக் கதைப்போம்.