சஸ்பென்ஷன் கேள்வி-பதில்: ஓ.எம்.ஆருக்கும் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக்குக்கும் ஒரே வண்டி

இந்த முறை காயில் ஓவர் (உயரத்தையும் கெட்டித்தன்மையையும் மாற்றக்கூடிய ஸ்ப்ரிங்-ஷாக் செட்) பற்றிய கடிதங்கள்தான் அதிகம். வண்டி எது, ஸ்ப்ரிங் எத்தனை கிலோ, டயர் என்ன சைஸ் என்று எழுதாமல் அனுப்புகிறவர்களுக்குப் பொத்தாம்பொதுவான பதில்தான் கிடைக்கும். வருத்தப்படக் கூடாது.

கே: போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.யில் 30 கிளிக் உள்ள காயில் ஓவர் போட்டாச்சு. எத்தனையில் வைக்கலாம்? (அம்பத்தூர்)

ஆரம்பமே இப்படியா! ஸ்ப்ரிங் ரேட்டும் இல்லை, டயரும் இல்லை. ஒரு மி.மீ. அமுங்க 5, 6 கிலோ கேட்கும் ஸ்ப்ரிங் என்று நானே வைத்துக்கொள்கிறேன். ஷாக்கின் கெட்டித்தன்மையை மாற்றும் குமிழின் ஒவ்வொரு படியும் ஒரு கிளிக்; எப்போதும் முழு ஹார்டிலிருந்து எண்ணுங்கள். குமிழை விரல் நுனியால் வலப்பக்கம் நிற்கும்வரை திருப்பி, அங்கிருந்து திறந்துகொண்டே வரவேண்டும். ஸாஃப்ட் பக்கத்தில் கடைசிக் கிளிக் முடியும் இடம் ஷாக்குக்கு ஷாக் ஒன்றிரண்டு மாறும். ஹார்ட் பக்கத்தில் உள்ளே இருக்கும் ஊசி போய் உட்காரும் இடம் மாறாது. பிளையர் வைத்து இறுக்கினால் ஊசிமுனை நசுங்கிவிடும், பிறகு குமிழ் வெறும் அலங்காரம்.

ரோட்டுக்கு முன்னே 18, பின்னே 20 திறந்து ஆரம்பியுங்கள். ட்ராக்குக்கு முன்னே 10, பின்னே 8. ஒரு தடவைக்கு இரண்டு கிளிக், அதுவும் முன்பக்கமோ பின்பக்கமோ ஏதாவது ஒன்றில் மட்டும். மாற்றியதை நோட்டில் எழுதுங்கள். ஒற்றைக் குமிழ் ஷாக்கில் பெரும்பாலும் மாறுவது ரீபவுண்ட், அதாவது அமுங்கிய ஷாக் திரும்ப நீள்வதைத் தடுக்கும் பிடி. கம்ப்ரெஷன் (அமுங்குவதைத் தடுக்கும் பிடி) கொஞ்சம் கூடவே வரும். அதனால், பள்ளத்தில் அடிவாங்குகிறது என்று கிளிக்கை ஹார்ட் பக்கம் ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். அடுத்தடுத்து மேடு வந்தால் ஷாக் திரும்ப நீள்வதற்கு நேரமிருக்காது. வண்டி படிப்படியாகக் கீழே உட்கார்ந்து, நாலாவது மேட்டில் பம்ப் ஸ்டாப்பில் (ஷாக் கடைசிவரை அமுங்காமல் தடுக்கும் ரப்பர் கட்டையில்) இடிக்கும்.

கே: ஐ20 என் லைன். முன்னும் பின்னும் 60 மி.மீ. இறக்கினேன், பார்க்க அருமையாக இருக்கிறது. ஆனால் சின்னக் குழியில்கூட 'தடக்' என்று உடம்பெல்லாம் அதிர்கிறது. இன்னும் ஸாஃப்ட் ஸ்ப்ரிங் வாங்கட்டுமா? (வேளச்சேரி)

வாங்காதீர்கள், இன்னும் மோசமாகும். இதே கேள்விக்கு எத்தனை தடவை பதில் எழுதினாலும் அடுத்த கடிதக் கட்டில் மறுபடி வந்து நிற்கிறது. வண்டியைத் தரையில் ஒட்டவைப்பதும் சஸ்பென்ஷன் செட் செய்வதும் ஒன்றல்ல.

கணக்கைப் பாருங்கள். இந்த அளவு ஹாட்ச்பேக்கில் நின்ற நிலையிலிருந்து முன்சக்கரம் மேலே போக ஏறக்குறைய 70, 80 மி.மீ. இடம் இருக்கும். அதில் கடைசி 30, 40 மி.மீ. பம்ப் ஸ்டாப்புக்குச் சொந்தம். ஸ்ப்ரிங் தட்டை இறக்கி 60 மி.மீ. குறைத்தால் மிச்சம் என்ன? வண்டி நிற்கும்போதே பம்ப் ஸ்டாப்பில் சாய்ந்து நிற்கிறது. நீங்கள் இப்போது ஓட்டுவது ஸ்ப்ரிங்கில் இல்லை, ரப்பர் கட்டையில். 'தடக்' அங்கிருந்துதான் வருகிறது. ஸாஃப்ட் ஸ்ப்ரிங் போட்டால் அந்தக் கட்டைக்கு இன்னும் சீக்கிரம் போய்ச் சேர்வீர்கள்.

நம்பிக்கை இல்லையென்றால் ஒரு ரூபாய் செலவில் பார்த்துவிடலாம். ஷாக் ராடின் மேல் ஒரு மெல்லிய நைலான் டையைக் கையால் நகர்த்தும் அளவுக்குக் கட்டி, சீல் வரை கீழே தள்ளிவிடுங்கள். வழக்கமான பாதையில் ஒரு சுற்று. வந்து சக்கரத்தைக் கழற்றி டை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பம்ப் ஸ்டாப்பின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஸ்ட்ரோக் (ஷாக் அமுங்க இருக்கும் தூரம்) முழுவதும் தீர்ந்துவிட்டது. ரோட்டில் எப்போதாவது ஒரு தடவை தொட்டால் பரவாயில்லை, தினமும் தொட்டால் உயரம் தவறு.

"என் கிட்டில் அடி பிராக்கெட்டைத் திருகி உயரம் மாற்றலாம், ஸ்ட்ரோக் குறையாதே" என்று ஒருவர் வருவார். சரி, ஷாக்குக்குள் ஸ்ட்ரோக் குறையாது. ஆனால் டயர் ஃபெண்டர் லைனரில் உரசும், டிரைவ் ஷாஃப்ட் கோணம் கூடும். எல்லாவற்றையும்விட லோயர் ஆர்மை (சக்கரத்தின் அடிப்பகுதியை வண்டியோடு இணைக்கும் கையை) பாருங்கள். வண்டி சமதரையில் நிற்க, முன் பம்பருக்கு அடியில் டார்ச் அடியுங்கள். ஆர்ம் சக்கரத்தை நோக்கிக் கொஞ்சம் கீழே சரிந்தோ, படுக்கையாகவோ இருக்கவேண்டும். சக்கரப் பக்கம் மேலே தூக்கியிருந்தால், வண்டியின் எடை மையம் இறங்கியதைவிட ரோல் சென்டர் (வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாயுமோ அது) அதிகமாக இறங்கிவிட்டது. அதாவது பணம் செலவழித்து வண்டியை வளைவில் முன்னைவிட அதிகம் சாயவைத்திருக்கிறீர்கள். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் கோணமும் கெடுவதால் ஒவ்வொரு குழியிலும் ஸ்டியரிங் தானாக இழுக்கும்.

ரோட்டுக்கும் ட்ராக்குக்கும் சேர்த்து 20 முதல் 30 மி.மீ. போதும். அதற்குமேல் போகவேண்டுமானால் ஆர்மைச் சக்கரப் பக்கம் இணைக்கும் பால் ஜாயின்ட்டில் நீட்டிய வகையும், டை ராட் மாற்றமும் சேர்ந்து வரவேண்டும். உயரத்தைத் தரையிலிருந்து அளக்காதீர்கள். சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளங்கள், டயர் காற்றோ தேய்மானமோ கணக்கில் வராது. ஐ.ஆர்.சி.யின் (இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ்) 1988 விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். நம் தெருமுனைத் தடைகளில் உயரம் மட்டும் விதியைத் தாண்டும், அகலம் ஒரு முழம். அதையும் மனதில் வைத்து இறக்குங்கள்.

கே: ஸ்ப்ரிங்கை இன்னும் கெட்டியாக்க பிரீலோடை (மாட்டும்போதே ஸ்ப்ரிங்கை அமுக்கி வைக்கும் அளவை) 15 மி.மீ. ஏற்றலாம் என்கிறார் நண்பர். (மாதவரம்)

நண்பர் தவறு. 6 கிலோ ஸ்ப்ரிங் எவ்வளவு முறுக்கினாலும் 6 கிலோதான். முன்பக்கம் ஒரு மூலையில் சக்கரம், பிரேக் நீங்கலாக 300 கிலோ உட்காருகிறது என்றால் ஸ்ப்ரிங் 50 மி.மீ. அமுங்கி நிற்கும். 15 மி.மீ. பிரீலோட் 90 கிலோ. அது 300-க்குள் அடங்கிவிடுகிறது. வண்டி 15 மி.மீ. உயரும், சக்கரம் கீழே தொங்கும் தூரம் அதே அளவு குறையும், அவ்வளவே. தூக்கி நிறுத்தும்போது ஸ்ப்ரிங் கையால் ஆட்ட முடியாமல் உட்கார்ந்திருந்தால் போதும்: பூஜ்யம் முதல் 5 மி.மீ.

கே: அலைன்மென்ட் கடையில் "கேம்பர் அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது சார், செயின் போட்டு ஜாக்கியால் தள்ளிச் சரி பண்ணிடலாம்" என்கிறார்கள். செய்யலாமா? (தாம்பரம்)

வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். கேம்பர் என்பது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்து நிற்கும் கோணம்; இப்படித் தள்ளினால் வளைவது ஸ்ட்ரட்டோ (ஸ்ப்ரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) நக்கிளோ (சக்கரத்தைத் தாங்கும் துண்டு). இரண்டும் வளைப்பதற்காகச் செய்தவை அல்ல, புதுக் காயில் ஓவர் என்றால் ராடும் சேர்ந்து வளைந்து சீல் போகும். ஸ்விஃப்ட், ஐ20 போல ஸ்ட்ரட்டை நக்கிளில் இரண்டு போல்ட் பிடிக்கும் வண்டியில், மேல் போல்ட்டுக்குப் பதில் கேம்பர் போல்ட் போட்டால் ஒரு டிகிரிக்கு மேல் கிடைக்கும். போலோவில் நக்கிள் ஸ்ட்ரட்டைக் கிளாம்ப் போல இறுக்கிப் பிடிப்பதால் அந்த வழி இல்லை, மேலே ஸ்ட்ரட்டின் தலையை நகர்த்தும் கேம்பர் பிளேட்தான். வரிசை மறக்கவேண்டாம்: முதலில் உயரம், பிறகு கேம்பர், கடைசியில் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு). அரை டிகிரி கேம்பர் மாறினாலே டோ ஓடிவிடும். புது ஸ்ப்ரிங் என்றால் 200, 300 கி.மீ. ஓட்டி, அது உட்கார்ந்த பிறகு அலைன்மென்ட்டுக்குப் போங்கள்.

கே: காயில் ஓவர் மாட்டியதிலிருந்து மெதுவாக வேகத்தடை ஏறினால் 'டொக் டொக்' என்கிறது. கடைக்காரர் "பழகிடும்" என்கிறார். (போரூர்)

காது பழகலாம், வண்டி பழகாது. இந்த வரிசையில் பாருங்கள்.

ஒன்று, மேல் நட். இம்பாக்ட் கன்னால் இறுக்கியிருந்தால் ராடும் கூடவே சுற்றியிருக்கும். நட் இறுகியதுபோல் தெரியும், இறுகியிருக்காது, உள்ளே சீலும் தேய்ந்திருக்கும். ராடை அலென் கீயால் பிடித்துக்கொண்டு ரிங் ஸ்பேனரால் கையால் இறுக்கவேண்டும், பெட்டியில் வந்த தாளில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு. இரண்டு, ஆன்டி ரோல் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் குறுக்குக் கம்பி) லிங்க். வண்டி இறங்கியபின் பழைய லிங்க் தேவைக்குமேல் நீளமாகிவிடும், பார் மேலே தூக்கி டிரைவ் ஷாஃப்ட்டையோ ஆர்மையோ தட்டும். அட்ஜஸ்டபிள் லிங்க் போட்டு, இரண்டு சக்கரமும் தரையில் நிற்கும்போது நீளம் வையுங்கள். மூன்று, கேம்பர் பிளேட்டில் உள்ள உருண்டை பேரிங். ரப்பர் இல்லாததால் கொஞ்சம் சத்தம் அதன் குணம். மழைத்தண்ணீரும் புழுதியும் போனால் ஒரு வருடத்தில் ஆட்டம் கண்டுவிடும்.

நாலாவது இன்று சத்தம் போடாது, ஆறு மாதம் கழித்துப் போடும். லிஃப்டில் சக்கரம் தொங்கும்போதே லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டை இறுக்கிவிடுகிறார்கள். ரப்பர் புஷ்ஷின் உள்குழாய் அந்தக் கோணத்திலேயே பூட்டிக்கொள்ளும். வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டு நிற்கும், பிறகு கிழியும். போல்ட்டைத் தளர்த்தி, பால் ஜாயின்ட்டுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, வண்டி ஸ்டாண்டிலிருந்து இம்மியளவு எழும்வரை தூக்கி, அந்த உயரத்தில் டார்க் ரென்ச்சால் இறுக்குங்கள். பின் ஆக்ஸில் புஷ்ஷுக்கும் இதே கதை. அப்படியே பிரேக் ஹோஸையும் ஏ.பி.எஸ். ஒயரையும் பார்த்துவிடுங்கள்: ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பினால் எங்கும் இழுபடவோ உரசவோ கூடாது.

கே: வாரநாளில் ஓ.எம்.ஆரில் ஆபீஸ், மாதம் ஒரு ஞாயிறு இருங்காட்டுக்கோட்டை. ஸ்விஃப்ட், 195 டயர், முன்னே 6, பின்னே 5 கிலோ ஸ்ப்ரிங், 25 மி.மீ. இறக்கம். ஒரே செட்டிங்கில் சமாளிக்க முடியுமா? (பெருங்குடி)

இப்படிக் கேட்டால் பதில் சொல்லவும் ஆசை வரும். முடியும். உயரத்தைத் தொடாதீர்கள். முன் கேம்பர் மைனஸ் 1.8 டிகிரி (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து), டோ பூஜ்யம். ட்ராக்குக்கு மட்டும் என்றால் 2.5 கொடுத்திருப்பேன், தினசரி ஓட்டத்தில் அது டயரின் உள்விளிம்பைத் தின்றுவிடும், அதிலும் டோ அவுட் சேர்ந்தால் 10,000 கி.மீ.கூடத் தாங்காது. பின்னே டார்ஷன் பீம் (இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒற்றைத் தண்டு) என்பதால் ஷிம் (மெல்லிய தகடு) போட்டால் ஒழிய ஒன்றும் மாறாது, விட்டுவிடுங்கள்.

ட்ராக் அன்று மாற்றவேண்டியவை கிளிக்கும் காற்றும் மட்டும். 3.7 கி.மீ. சுற்று, 12 வளைவுகள். முன் டயர் மூன்றாவது சுற்றிலேயே கொதித்துவிடும். ரோட்டில் 32 பி.எஸ்.ஐ. வைத்தால் காலையில் முன்னே 28, பின்னே 29-க்கு இறக்குங்கள். டயர் 30 டிகிரியிலிருந்து 70-க்குப் போனாலே 6 பி.எஸ்.ஐ. ஏறும். உள்ளே வந்து ஒரு நிமிடத்துக்குள் அளந்து சூட்டில் 34, 35-ல் நிறுத்துங்கள். மதியம் தார் இன்னும் காயும், மறுபடி அளக்கவேண்டும். டயரின் தோளில் உள்ள முக்கோணக் குறியைத் தாண்டித் தேய்ந்திருந்தால் கேம்பர் போதவில்லை அல்லது காற்று குறைவு. பைரோமீட்டர் (டயர் சூடு அளக்கும் கருவி) இருந்தால் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிட 5 முதல் 10 டிகிரி சூடாக இருப்பது நல்லது.

வளைவு நடுவில் மூக்கு வெளியே தள்ளினால் உடனே முன்பக்கத்தை ஹார்ட் ஆக்குவார்கள். தலைகீழ். முன்வீல் டிரைவ் வண்டியில் பின்பக்கத்தை இரண்டு கிளிக் ஏற்றுங்கள், அப்போதும் தள்ளினால் முன்னே இரண்டு இறக்குங்கள். எதை மாற்றினாலும் எழுதுங்கள்.

வீட்டுக்குக் கிளம்புமுன் கிளிக்கைத் திருப்பி, காற்றையும் ஏற்றுங்கள். சூட்டில் 34 காட்டுகிறதே என்று அப்படியே போனால் திங்கள் காலை 28-ல் ஆபீஸ் போவீர்கள்.

கே: பின்னே தடித்த ஆன்டி ரோல் பார் போட்டேன். காய்ந்த ரோட்டில் பிரமாதம். மழையில் வளைவில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் வீசுகிறது. (மேடவாக்கம்)

வீசத்தான் செய்யும், அதற்காகத்தானே போட்டீர்கள்? அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாரின் கடைசி ஓட்டைக்கு லிங்க்கை மாற்றுங்கள். பாரின் கை நீளமானால் அது ஸாஃப்ட் ஆகும். பின் ஷாக்கை 4 கிளிக் இறக்குங்கள். தேய்ந்த டயர் இரண்டையும் பின்னே தள்ளியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள், நல்ல டயர் பின்னேதான் இருக்கவேண்டும்.

கே: கார்னர் வெயிட் (ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் உட்காரும் எடை) பார்க்கவேண்டுமா? (அண்ணா நகர்)

ரோட்டுக்கு மட்டும் என்றால் வேண்டாம். ட்ராக்குக்குப் பார்ப்பதானால் ஒழுங்காகப் பாருங்கள்: நாலு தராசும் ஒரே மட்டம், அரை டேங்க் பெட்ரோல், ஓட்டுநர் சீட்டில் உங்கள் எடைக்கு மணல் மூட்டை, ஆன்டி ரோல் பார் லிங்க் ஒரு பக்கம் கழற்றியது. வலது முன், இடது பின் இரண்டையும் கூட்டினால் மொத்தத்தில் 50 சதவீதம் வரவேண்டும், அரை சதவீதம் இப்படி அப்படி இருக்கலாம். ஒரு மூலையை உயர்த்தினால் அந்த மூலையும் அதன் எதிர்மூலையும் எடை ஏறும். முன்பக்கம் 62 சதவீதம் இருக்கிறதே என்று ஸ்ப்ரிங் தட்டைத் திருகாதீர்கள், அது அப்படித்தான் இருக்கும். முடிந்ததும் டோவை மறுபடி பாருங்கள். கடைசியில் டோ.

கே: வீடு கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி. ஒரு வருடத்தில் உயரம் மாற்றும் வளையம் அசையவே மாட்டேன் என்கிறது. (கொட்டிவாக்கம்)

உளியும் சுத்தியலும் வேண்டாம். கம்பி பிரஷ், துரு நீக்கும் ஸ்ப்ரே, ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். வளையத்தில் சின்ன அலென் ஸ்க்ரூ பூட்டு இருக்கிறதா என்று முதலில் பார்த்துத் தளர்த்துங்கள், பாதிப் பேர் அதை மறந்துதான் மல்லுக்கட்டுகிறார்கள். 'C' வடிவ ஸ்பேனரால் திருகும்முன் வண்டியைத் தூக்கி ஸ்ப்ரிங் சுமையை எடுத்துவிடவும். இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவி, மரையில் ஆன்டி சீஸ் (இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் காக்கும் பூச்சு) பூசுங்கள்.

கே: கம்பெனி ஷாக்கை வைத்துக்கொண்டு ஸ்ப்ரிங்கை மட்டும் ஒரு சுற்று வெட்டினால் செலவு மிச்சம்தானே? (பெயர், ஊர் இல்லை)

வெட்டிய ஸ்ப்ரிங் கெட்டியாகும், கம்பெனி ஷாக்கின் ரீபவுண்ட் அதைப் பிடிக்காது. குருவி தலையில் பனங்காய். வெட்டிய முனை ஸ்ப்ரிங் தட்டில் சரியாக உட்காராது, பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஸ்ப்ரிங் நழுவும். வேண்டாம்.

கே: எந்த பிராண்ட் வாங்கலாம்? (குரோம்பேட்டை)

ஸ்ப்ரிங் ரேட்டைப் பெட்டியில் எழுதியிருக்கவேண்டும், ஷாக்கைத் திறந்து சீலும் எண்ணெயும் மாற்ற முடியவேண்டும், அந்த சீல் சென்னையில் கிடைக்கவேண்டும். மூன்றுக்கும் கடைக்காரர் ஆமாம் என்றால், பெயர் எதுவானாலும் வாங்குங்கள்.