ஏற்காட்டில் என் வீட்டு முன்னால் கார் நிறுத்த எனக்கு உரிமை இல்லையா?

கேள்வி: ஐயா, ஏற்காடு ஏரிக்குப் பக்கத்துச் சந்தில் எங்கள் வீடு. உள்ளே ஒரு கார்தான் நிற்கும். தம்பியின் கார் எப்போதும் வாசலுக்கு எதிரே தெருவில் நிற்கும். போன மே மாதம் சீசனுக்காக சந்து முனையில் ‘நோ பார்க்கிங்’ போர்டு வைத்தார்கள். தம்பியின் காருக்கு 500 ரூபாய் அபராதம் வந்தது. ஆனால் சனி, ஞாயிறு வந்தால் வெளியூர் வண்டிகள் எங்கள் கேட்டை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. ஒருநாள் அம்மாவுக்கு மூச்சுத்திணறல். கேட்டை மறித்த காரின் சொந்தக்காரர் படகு சவாரி முடித்து வரும்வரை முக்கால் மணி நேரம் தவித்தோம். உள்ளூர்க்காரர்களுக்கு பார்க்கிங் பாஸ் கேட்டு வாங்க முடியுமா? அதுவரை கயிறு கட்டி இடத்தை மறித்துக்கொள்ளலாமா?

பதில்: முதலில் அம்மா விஷயம். சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டிய ஊரில் முக்கால் மணி நேரத்தை இழப்பது உயிரோடு விளையாடுவது. இனி ஒருமுறைகூட நீங்கள் அப்படிக் காத்திருக்கக் கூடாது.

வீட்டு வாசல் வழியாகச் சாலைக்குப் போய்வருவது, சாலையை ஒட்டி வீடு வைத்திருப்பவரின் உரிமை. யாருடைய வண்டியும் அதை அடைக்க முடியாது. அங்கே ‘நோ பார்க்கிங்’ போர்டு இருக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை. 2017-ம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளின்படியே ஒரு வளாகத்தின் நுழைவாயிலை மறித்து நிறுத்தக் கூடாது. தடை செய்யப்பட்ட இடத்தில் நிற்கும் வண்டியை இழுத்துச் செல்லவோ, சக்கரத்துக்குப் பூட்டுப் போடவோ மோட்டார் வாகனச் சட்டம் 127-வது பிரிவு சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரிக்கு அதிகாரம் தருகிறது. செலவு வண்டிக்காரர் தலையில்தான். ஆகவே அடுத்தமுறை நம்பர் பிளேட்டும் உங்கள் கேட்டும் ஒரே படத்தில் தெரியும்படி போட்டோ எடுங்கள், உடனே 112-க்குப் போன் செய்யுங்கள். திரும்பத் திரும்ப நடந்தால் போட்டோக்களை இணைத்து ஏற்காடு காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, மனு ஏற்பு ரசீது கேட்டு வாங்குங்கள். பொது வழியில் இடையூறு செய்வது, இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 285-வது பிரிவில் 5,000 ரூபாய் வரை அபராதத்துக்குரிய குற்றம்.

தம்பியின் கார் வேறு கதை. உங்களுக்கு வருத்தமாக இருக்கும், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். வாசலுக்கு எதிரே இருந்தாலும் தெரு பொது இடம். எத்தனை தலைமுறை நிறுத்தியிருந்தாலும் அந்த இடம் உங்களுக்கென்று ஆகிவிடாது. கயிறு, கல், பூந்தொட்டி எதுவும் வேண்டாம். மேலே சொன்ன அதே 285 உங்கள் மேல் திரும்பும். கோபத்தில் டயர் காற்றைப் பிடுங்கினால் அது சொத்துக்குச் சேதம் விளைவித்த வழக்காகும். அபராதத்தை எதிர்க்க ஒரு வழி உண்டு: அந்த இடத்தில் போர்டு கண்ணில் படும்படி இல்லை என்று காட்டுவது. முனையில் போர்டு இருந்ததை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எனவே கட்டிவிடுங்கள், இரண்டாம் முறை என்றால் 1,500 ரூபாய்.

சரி, பாஸ் கிடைக்குமா? தனி ஆளாக உரிமை கோரிப் பெற முடியாது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 117-வது பிரிவின்படி வண்டிகள் எங்கே, எவ்வளவு நேரம் நிற்கலாம் என்று மாநில அரசோ அதன் அதிகாரம் பெற்ற அமைப்போ உள்ளாட்சியைக் கலந்து தீர்மானிக்கலாம். அந்த ஏற்பாட்டில் உள்ளூர் வண்டிகளுக்கு இடம் ஒதுக்கச் சொல்லி நீங்கள் கேட்கலாம். மலையூர்களில் உள்ளூர்க்காரரைத் தனியாகப் பார்ப்பது புதிதல்ல. 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தபோது உள்ளூர் வண்டிகளுக்கு விலக்கு கிடைத்தது. நீலகிரியில் டிஎன் 43 என்ற பதிவெண்ணே போதும். நமக்கு அது ஒத்துவராது. ஏற்காட்டுக்கு வரும் கூட்டத்தில் பாதிக்கு மேல் சேலத்து நம்பர்களாகத்தான் என் கண்ணில் படுகின்றன. பதிவெண்ணை வைத்து மலைக்காரரையும் டவுன்காரரையும் பிரிக்க முடியாது. எனவே ஆர்.சி. முகவரி, வீட்டு வரி ரசீது அடிப்படையில் வீட்டுக்கு ஒரு ஸ்டிக்கர், சந்தின் ஒரு பக்கத்தில் மட்டும் நிறுத்தம் என்று தெளிவாகக் கேளுங்கள். வாடகைக்கு இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்களும் அந்தத் தெருவின் மனிதர்கள்தான்.

போர்டு எந்த ஆணையின்படி வைக்கப்பட்டது, அது சீசனுக்கு மட்டுமா என்று பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். அந்த நகல் இல்லாமல் மனு எழுதினால் காற்றோடு சண்டை போடுவது போலாகும். அப்புறம் தெருவார் எல்லோரும் கையெழுத்திட்டு, திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் கலெக்டரிடம் கொடுங்கள், எஸ்.பி.க்கும் ஒரு நகல். பதிலே இல்லையென்றால், மனுவைப் பரிசீலிக்க உத்தரவிடும்படி சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம்.

உங்கள் பகுதி இப்போதும் கிராம ஊராட்சியின் கீழ் இருந்தால், கூடவே கிராம சபைத் தீர்மானமும் மனுவுக்குக் கனம் கூட்டும். மே 1 கூட்டத்துக்குக் காத்திருந்தால் அதற்குள் சீசன் வந்துவிடும். ஜனவரி 26 அல்லது மார்ச் 22 கூட்டத்திலேயே பொருளாக வைக்கச் சொல்லி ஊராட்சிச் செயலரிடம் எழுதிக் கொடுங்கள். அம்மாவின் மருத்துவச் சீட்டு நகலையும் எடுத்துச் செல்லுங்கள்.