மினுங்கும் பழைய ரைபிளை வாங்கலாமா?

உப்புவெளியைச் சேர்ந்த வாசகர் ஒருவர் பழைய இராணுவ ரைபிள்களைச் சேகரிக்க விரும்புகிறார். விக்டோரியா காலத்து மார்ட்டினி-ஹென்றி ரைபிள் ஒன்று, ‘மிகச் சிறந்த நிலையில், புதிதுபோல மினுங்கிக்கொண்டு’ விலைக்கு வந்திருப்பதாகவும், அதை வாங்கலாமா, வாங்கினால் கடற்கரையோர வீட்டில் கறள் ஏறாமல் எப்படி வைத்திருப்பது என்றும் கேட்டிருக்கிறார்.

விலை பேசுவதற்கு முன் அனுமதிப்பத்திரத்தைப் பற்றிப் பேசுங்கள். இலங்கையில் துவக்கு வைத்திருப்பதை 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. பழையது, சுடாதது, சுவரில் தொங்குவது என்பதனால் மட்டும் விலக்குக் கிடைத்துவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். விற்பவரிடம் உள்ள பத்திரம் அந்தத் துவக்குக்கே உரியதா என்பதையும், அதை உங்கள் பெயருக்கு மாற்ற இயலுமா என்பதையும் மாவட்டச் செயலகத்தில் எழுத்து மூலம் கேட்டறிந்த பின்னரே முற்பணம் கொடுங்கள். 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட ஒல்லாந்தர் காலத்துத் துவக்கு போன்ற ஒன்று எப்போதாவது கைக்கு வருமானால், அது 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்துக்குள்ளும் அடங்கக்கூடும் என்பதால், தொல்பொருள் திணைக்களத்தை நாடாமல் அதில் எதுவும் செய்யலாகாது.

இனி அந்த மினுக்கத்துக்கு வருவோம். என்னைப் பொறுத்தவரை, அதுவே சந்தேகப்பட வேண்டிய முதல் அறிகுறி. பிரித்தானிய இராணுவம் 1871இல் ஏற்றுக்கொண்ட மார்ட்டினி-ஹென்றியின் குழல், தொழிற்சாலையில் இரசாயன முறையில் கருமை கலந்த பழுப்பு நிறம் ஏற்றப்பட்டே வெளிவந்தது. இன்று அது வெள்ளி நிறத்தில் மினுங்குகிறதென்றால், யாரோ அந்த மேற்பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டார்கள் என்பதே பொருள். தேய்த்ததன் தடயங்களை உருப்பெருக்கிக் கண்ணாடியில் எளிதாகக் காணலாம்: கூராக இருக்க வேண்டிய விளிம்புகள் மழுங்கியிருக்கும், திருகாணித் துளைகளின் ஓரம் கிண்ணம்போல் குழிந்திருக்கும், பொறித்த எழுத்துகள் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மங்கியும் தெரியும். இப்படி இழந்த உலோகத்தை எந்தக் கைவினைஞராலும் திருப்பித் தர முடியாது. ஆகவே, அங்கங்கே நிறம் மங்கியிருந்தாலும் எவரும் கை வைக்காத ஒன்றையே அனுபவமுள்ள சேகரிப்பாளர்கள் சிறந்த நிலை என்பார்கள்.

அடுத்ததாக, தோட்டாவை ஏற்றிச் சுடும் பொறி அமைந்த இயங்குபகுதியின் வலப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே கிரீடமும், அதன் கீழ் விக்டோரியா அரசியைக் குறிக்கும் வி.ஆர். என்ற எழுத்துகளும், என்ஃபீல்டு போன்ற தயாரிப்பிடத்தின் பெயரும், ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். அரசி 1901 ஜனவரியில் காலமானார், வி.ஆர். என்றிருந்து அதன் கீழ் 1905 போன்ற ஓர் ஆண்டு இருந்தால், அது பாகிஸ்தான்-ஆப்கானிஸ்தான் எல்லையிலுள்ள கைபர் கணவாய்ப் பகுதிக் கொல்லர்கள் பார்த்துச் செய்த நகலாகவே இருக்கும். ஆங்கில ‘என்’ எழுத்து இடம்வலம் மாறிக் கிடப்பதும் அத்தகைய நகல்களில் காணப்படும் ஒன்று. அவையும் வரலாறுதான், ஆனால் அசலின் விலைக்குரியவை அல்ல.

பாதுகாப்பைப் பொறுத்தவரை, நம் ஊரில் வாடைக்காற்றுக் காலத்தின் ஈரமும், கச்சான் காற்று அடிக்கும் மாதங்களின் வறட்சியும் மாறி மாறி வருவதால் பிடிக்கட்டை ஊதிச் சுருங்கும். கடற்காற்றின் உப்போ இரும்பை ஆண்டு முழுவதும் அரிக்கும். மார்ட்டினி, கரிமருந்து எனப்படும் பழைய கறுப்பு வெடிமருந்துத் தோட்டாவுக்காகச் செய்யப்பட்டது. அந்த மருந்தின் எச்சம் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் இயல்புடையது, எண்ணெயில் கரையாது. எனவே உரிமம் பெற்ற துவக்குத் திருத்துநர் ஒருவர் உள்ளே தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்த பின், குழலின் உட்புறத்தை முதலில் சுடுநீரால் கழுவி, முற்றாக உலர்த்தி, அதன் பிறகே எண்ணெய் பூச வேண்டும். இந்த வரிசை மாறினால் எண்ணெய்க்கு அடியிலேயே கறள் வளரும். வெளி இரும்புக்கு நுண்படிக மெழுகு மெல்லிய படலமாகப் போதும். கம்பித் தூரிகையும் சாண்ட் பேப்பரும் அருகே வரவே கூடாது. விரல் வியர்வையிலும் உப்பு உண்டு, ஆகவே பருத்திக் கையுறை அணிந்தே தொடுங்கள். தோல் உறை அழகாக இருந்தாலும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். சிலிக்கா ஜெல் பைகள் இட்ட, பூட்டக்கூடிய உலோக அலுமாரியே நல்லது.

அனுமதி கிடைக்காமற்போனால் மனம் தளர வேண்டாம். லீ-என்ஃபீல்டு ரைபிளின் அடிக்கட்டைக்குள் வைத்த பித்தளை எண்ணெய்ப் புட்டியும், குழல் துடைக்கும் இழுகயிறும் சேகரிக்கத் தகுந்தவை. அவற்றிலும் தயாரிப்பாளர் முத்திரைகளைத் தேடிப் படிக்கலாம்.

இந்த ரைபிளைப் பொறுத்தவரை, கேட்கும் விலைக்கு வாங்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. இன்னும் ஆவல் இருந்தால், வலப்பக்க முத்திரை, திருகாணித் தலைகள், குழல் வாய், அனுமதிப்பத்திரம் ஆகிய நான்கின் தெளிவான படங்களை முதலில் கேளுங்கள். கடைசிப் படம் வராவிட்டால் மற்ற மூன்றையும் பார்க்கவே தேவையில்லை.