போர்டிகோ, வாசல் கான்கிரீட் தரை: கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அண்ணா. போர்டிகோ தரை போட்டு மூணு மாசம்தான் ஆகுது. பெருக்கப் பெருக்க வெள்ளைத் தூசி வருது. சிமென்ட் கலப்படமா இருக்குமா?

பதில்: பெரும்பாலும் பழி சிமென்ட் மேல் இல்லை, தேய்த்த நேரத்தின் மேல்தான். மட்டப்பலகை இழுத்து முடித்ததும் ஜல்லியும் மணலும் கீழே அமர, தண்ணீர் மேலே கசிந்து பளபளவென நிற்கும். அந்தத் தண்ணீரோடு சேர்த்துத் தேய்த்தால் மேல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெறும் சத்தில்லாத சிமென்ட் பாலாகிவிடும். ஈரத்தை உறிஞ்சட்டும் என்று காய்ந்த சிமென்ட்டைத் தூவித் தேய்ப்பது அதைவிட மோசம். அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும். பிறகு பொடியும், வலை வலையாக மயிர் வெடிப்பும் வரும்.

பளபளப்பு தானாக மறைய வேண்டும். ஏறி நின்றால் செருப்புத் தடம் கால் இன்ச்சுக்கு மேல் பதியக் கூடாது. அப்போதுதான் மணியாஸ் கட்டையால் (மரத் தேய்ப்புக் கட்டை) தேய்க்க வேண்டும். விரலால் அழுத்தினால் பால் ஒட்டாத பதத்தில் இரும்புக் கரணை. தண்ணீர் வற்றாமல் தேங்கினால் ரப்பர் ஹோஸைத் தரை மேல் படுக்கப் போட்டு இழுத்து ஓரத்துக்குத் தள்ளுங்கள்.

உங்கள் தரையை ஆணியால் கீறிப் பாருங்கள். லேசாகப் பொடிந்தால் கழுவிக் காயவிட்டு சிலிக்கேட் ஹார்டனர் (தரையை இறுக்கும் திரவம்) அடித்தால் போதும். பள்ளமாகக் கீறல் விழுந்தால், மணல் தெரியும் வரை கிரைண்டிங் செய்த பிறகுதான் ஹார்டனர்.

கேள்வி: 1:1½:3 (சிமென்ட், மணல், ஜல்லி) கலவைக்கு மூட்டைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர்? மேஸ்திரி கண் அளவில் ஊற்றுகிறார்.

பதில்: 50 கிலோ மூட்டைக்கு 25 முதல் 27 லிட்டர். 30ஐத் தாண்டவே கூடாது. மணலில் இருக்கும் ஈரமும் இந்தக் கணக்கில்தான் வரும். ஒரு மூட்டைக்கு ஏறக்குறைய 75 கிலோ எம்சாண்ட் விழும்; அதில் 5 சதவீதம் ஈரம் என்றாலே 4 லிட்டர் வந்துவிட்டது. மழைக்கு நனைந்த மணலுக்கும் காய்ந்த மணலுக்கும் ஒரே அளவு ஊற்றினால் தண்ணீர் கூடும், முதல் கேள்வியில் சொன்ன தூசி வரும். கலவை இறுக்கமாக இருந்தால் பிளாஸ்டிசைசரை (தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் கெமிக்கல்) டப்பாவில் போட்ட அளவுக்குச் சேருங்கள். தண்ணீரைக் கூட்டாதீர்கள். ஹோஸை மிக்சருக்குள் விடவே விடாதீர்கள், பக்கெட்டால் அளந்து ஊற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: பல்லடம் பக்கம் வேலை. ஆடிக் காற்றில் காலையில் போட்ட தளம் மதியத்துக்குள் கோடு கோடாக வெடித்துவிட்டது. கம்பி போதவில்லையா?

பதில்: கம்பிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கீழிருந்து ஏறும் தண்ணீரைவிட வேகமாகக் காற்று மேல் ஈரத்தைக் குடித்துவிடுகிறது. இன்னும் இறுகாத மேல்பரப்பு சுருங்கிக் கிழிகிறது. கான்கிரீட் போடும் முன் அடித்தளத்தை நனையுங்கள், ஆனால் தண்ணீர் தேங்கக் கூடாது. வெயில் சாய்ந்த பிறகு 4 மணிக்குமேல் தொடங்குங்கள். மட்டம் இழுத்த கையோடு பாலிதீன் ஷீட் மூடி, தேய்க்கப் போகும் பகுதியை மட்டும் திறந்து வேலை செய்யுங்கள். கோடு கண்ணில் பட்டதுமே, கான்கிரீட் இன்னும் இறுகாமல் பச்சையாக இருந்தால், கட்டையால் அடித்து மூடி மறுபடி தேய்த்துவிடலாம். இறுகியபின் மேலே சிமென்ட் பால் ஊற்றுவது வெறும் மேக்கப்.

கேள்வி: தரையில் கோடு போட்டு ஜாயின்ட் வெட்டச் சொல்கிறார்கள். தரை அழகு போகாதா?

பதில்: வெட்டாவிட்டால் தரையே தனக்கு வேண்டிய இடத்தில் வெடித்துக்கொள்ளும். 4 இன்ச் தளத்துக்கு 8 முதல் 10 அடிக்கு ஒரு வெட்டு, 1 இன்ச் ஆழம். கட்டங்கள் சதுரத்துக்கு நெருக்கமாக இருக்கட்டும். நீளமான கட்டம் நடுவில் பிளக்கும். சாயங்காலம் போட்டால் மறுநாள் காலையிலேயே வெட்டிவிடுங்கள். ஓரத்தில் ஜல்லி பெயர்ந்தால் இரண்டு மணி நேரம் பொறுங்கள். மூன்று நாள் தள்ளிப்போட்டால் வெட்டுக்கு முன் வெடிப்பு வந்திருக்கும். தூணைச் சுற்றி அரை இன்ச் தெர்மாகோல் விட மறக்காதீர்கள், மூலை வெடிப்பு பாதி அங்கிருந்துதான் புறப்படும்.

கேள்வி: க்யூரிங் (தரையை ஈரமாக வைப்பது) எத்தனை நாள்?

பதில்: பிபிசி (சாம்பல் போன்றவை கலந்த) சிமென்ட்டுக்குக் குறைந்தது 10 நாள், 14 நாள் விட்டால் நல்லது. ஓபிசி (கலப்பில்லாத சாதாரண சிமென்ட்) என்றால் குறைந்தது 7 நாள். காலையும் மாலையும் ஹோஸ் பிடித்துவிட்டு நடுவில் காயவிடுவது க்யூரிங் ஆகாது. பாத்தி கட்டித் தண்ணீர் தேக்குங்கள், அல்லது ஈரச் சாக்கு விரித்து மேலே ஷீட் போடுங்கள்.

கேள்வி: அண்ணே, நான் புதுசா தேய்ப்பு வேலைக்கு வந்திருக்கேன். முட்டி ரெண்டும் தோல் உரிஞ்சு புண்ணாயிடுச்சு. பழகிடும்னு சொல்றாங்க.

பதில்: பழகாது தம்பி. அது சிமென்ட் சுட்ட புண். ஈரக் கலவை கடுமையான காரம். நனைந்த பேண்ட்டோடு முட்டி போட்டிருந்தால் வலி தெரியாமலே உள்ளே அரிக்கும், ராத்திரிதான் எரியும். கலவை பட்ட துணியை உடனே கழற்று, ஓடும் தண்ணீரில் நிறைய நேரம் கழுவு. கொப்புளமோ கறுப்போ தெரிந்தால் ஆஸ்பத்திரிக்குப் போ. இனிமேல் பலகை போட்டு அதன் மேல் முட்டி வை. கம்பூட், ரப்பர் கையுறை போடு. விரல் இடுக்கில் அரிப்பு விடாமல் இருந்தால் அது சிமென்ட்டில் உள்ள குரோமியத்தால் வரும் ஒவ்வாமையாக இருக்கலாம். ஒருமுறை அந்த ஒவ்வாமை பிடித்தால் பிறகு கொஞ்சம் பட்டாலும் திரும்ப வரும்.

கேள்வி: பழைய தரை மேலேயே அரை இன்ச் கலவை போட்டு மட்டம் பண்ணலாமா?

பதில்: வேண்டாம், பெயர்ந்து வரும். பழையதைக் கொத்திவிட்டு, கழுவி, பிணைப்புக் கெமிக்கல் தடவி, குறைந்தது 2 இன்ச் போடுங்கள்.

கேள்வி: போர்டிகோவில் மழைத் தண்ணீர் சுவரோரம் நிற்கிறது. வாட்டம் எவ்வளவு விட வேண்டும்?

பதில்: 10 அடிக்கு ஒன்றரை இன்ச். டியூப் லெவலில் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) சுவரோரம் ஒரு புள்ளி, வாசலோரம் ஒரு புள்ளி வைத்து, நடுவில் நூல் கட்டிப் புள்ளிகளை நிரப்பிய பிறகு மட்டப்பலகை இழுக்கச் சொல்லுங்கள். முடிந்ததும் ஒரு பக்கெட் தண்ணீரைச் சுவரோரம் ஊற்றிப் பார்த்துவிட்டு மேஸ்திரிக்குக் கணக்கு முடியுங்கள்.