ஓவன் இல்லை, பிராந்தி வேண்டாம், கேக் வேண்டும்!

கேள்வி: அக்கா, நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். கணவருக்குச் செம்பனைக் குலை வெட்டும் வேலை. இந்தக் கிறிஸ்மஸுக்குப் பழ கேக் நானே செய்ய ஆசை. ஓவன் இல்லை, 50 ரிங்கிட்டுக்கு மேல் ஒதுக்க முடியாது. பிராந்தி ஊற்றாவிட்டால் அது கேக்கே இல்லை என்கிறார் மாமியார். கணவர் குடியை விட்டு ஒரு வருஷம்தான் ஆகிறது. என்ன செய்யட்டும்?

பதில்: தங்கச்சி, ஓவனுக்காகக் கவலைப்படாதீர்கள். மலாய்க்காரர்கள் வீட்டில் 'கேக் புவா குக்குஸ்' சாப்பிட்டிருப்பீர்களே, அது ஆவியில் வேகும் பழ கேக்தான். உங்கள் இட்லிப் பானையே போதும்.

பழத்தில்தான் காசு போகும். சிவப்பு செர்ரியைத் தொடாதீர்கள், நிறத்தைத் தவிர அதில் ஒன்றுமில்லை. உலர் திராட்சை 150 கிராம், கொட்டை எடுத்த பேரீச்சை 100 கிராம் வாங்குங்கள். மீதி 100 கிராமுக்குப் பொமேலோ (பம்பளிமாஸ்) தோல். தம்புன் பக்கம் ரோட்டோரக் கடைகளில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்களே, அந்தப் பழம்தான். சுளையைத் தின்றுவிட்டுத் தோலை நாம் குப்பையில் போடுகிறோம்! மேலே உள்ள பச்சைத் தோலை மெல்லியதாகச் சீவி எடுத்துவிட்டு, வெள்ளைச் சதையைச் சிறு துண்டுகளாக நறுக்குங்கள். தண்ணீரில் கொதிக்கவிட்டு வடித்துப் பிழியுங்கள். மூன்று முறை இப்படிச் செய்தால்தான் கசப்பு போகும். அப்புறம் அதே எடைக்குச் சீனியும் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்து, பாகு வற்றி, துண்டுகள் கண்ணாடி மாதிரி ஆகும்வரை சிறு தீயில் கிளறுங்கள். டிசம்பர் மழையில் வெயிலை நம்பாமல் தட்டில் பரப்பி ஃபேன் காற்றில் ஒரு நாள் உலர்த்துங்கள். பொமேலோ கிடைக்காவிட்டால் கொல்லையில் உள்ள பப்பாளிக் காயை நறுக்கி, ஒரே ஒரு கொதி விட்டு வடித்து, இதே போலப் பாகில் போடலாம்.

இனி கேக். கனமான சட்டியில் 100 கிராம் சீனியைத் தண்ணீர் இல்லாமல் உருக்குங்கள். நல்ல தேன் நிறம் தாண்டிக் கருஞ்சிவப்பு வந்ததும் அடுப்பை அணைத்து, அரை கப் சூடான கெட்டித் தேத்தண்ணீரை, பால் கலக்காமல், மெதுவாக ஊற்றுங்கள். சீறிக்கொண்டு தெறிக்கும், பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். அதில் 75 கிராம் பழுப்புச் சீனி, பட்டரும் மார்ஜரினும் பாதிப் பாதியாக 125 கிராம், நறுக்கிய பழங்கள், பட்டை, கிராம்பு, சாதிக்காய்த் தூள் சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். இப்படிக் கொதித்தால் பழம் ஊறிவிடும், வாரக்கணக்கில் ஊறப்போட வேண்டியதில்லை. முழுக்க ஆறிய பிறகே அடித்த 3 முட்டை, அப்புறம் 175 கிராம் வெள்ளைக் கோதுமை மாவும் (மைதா) அரைத் தேக்கரண்டி சோடா உப்பும் சலித்துச் சேருங்கள். சூட்டோடு முட்டையை ஊற்றினால் கட்டி கட்டியாக வெந்துவிடும்.

ஏழு அங்குல டின்னில் எண்ணெய்த்தாள் விரித்து ஊற்றி, மேலே அலுமினியத் தாளை இறுக்கி மூடி, இரண்டு மணி நேரம் வேகவிடுங்கள். பானை மூடியில் துணி கட்டினால் ஆவி சொட்டாது. தண்ணீர் குறைந்தால் கொதிநீரைத்தான் ஊற்ற வேண்டும்.

பிராந்தி விஷயத்தில் நான் உங்கள் பக்கம். அடுப்பில் வேகும்போது சாராயம் முழுக்க ஆவியாகிவிடாது. வெந்த பிறகு ஊற்றுவது அப்படியே இருக்கும். மாமியாரிடம் ருசியைப் பற்றி வாதாடாதீர்கள். "உங்கள் மகனுக்காகத்தான் ஊற்றவில்லை, அத்தை" என்று நேராகச் சொல்லிவிட்டு, பழம் நறுக்கும் வேலையை அவர் கையில் கொடுங்கள். சமாதானத்துக்கு ரம் எசன்ஸும் வேண்டாம். அந்த வாசனையே சிலருக்குப் பழைய ஆசையைக் கிளப்பிவிடும். சாராயம் கலக்காத வெனிலா கொஞ்சம் விடுங்கள், போதும்.

ஒன்று மட்டும். பிராந்தி ஊற்றிய கேக் போல இது மாதக்கணக்கில் தாங்காது, நம் புழுக்கத்தில் பூசணம் பிடித்துவிடும். அதனால் 22-ஆம் தேதி செய்து, ஆறியதும் சுற்றி ஐஸ் பெட்டியில் வைத்து, 24-ஆம் தேதி இரவு வெட்டுங்கள்.