யூசிபியஸ்: பிறர் வார்த்தைகளைக் காப்பாற்றிய வரலாற்றாசிரியர் (கேள்வி பதில்)

பாலஸ்தீனக் கடற்கரையில் பெரிய ஏரோது கட்டிய செசரியா நகரத்தின் பிஷப்பாக இருந்தவர் யூசிபியஸ். கி.பி. 260-ஐ ஒட்டிப் பிறந்து, 339-ஐ ஒட்டி மறைந்தார். பண்டைய அரசுகளின் காலவரிசை, ஆதித் திருச்சபையின் வரலாறு இரண்டையும் ஒரே ஆயுளில் எழுதியவர். அவரைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. அவரைப் புகழ்கிறவர்களும் ஏசுகிறவர்களும் அவருடைய கருத்துகளை வைத்தே வழக்காடுகிறார்கள். அவர் எடுத்தெழுதி வைத்த பிறருடைய வார்த்தைகளே அவருடைய பெரும் கொடை என்பது என் எண்ணம்.

கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை: ஐயா, அவர் யாரிடம் படித்தார்? வரலாறு எழுதும் ஆர்வம் எங்கிருந்து வந்தது?

நூலகத்திலிருந்து வந்தது, அம்மா. மூன்றாம் நூற்றாண்டின் மாபெரும் அறிஞர் ஓரிகன் தம் பிற்காலத்தைச் செசரியாவில் கழித்தார். அவர் விட்டுச்சென்ற நூல்களைத் தேடிச் சேர்த்துப் பெரிய நூலகமாக வளர்த்தவர் பம்பிலஸ் என்ற குரு. யூசிபியஸ் அவருடைய மாணவர். அவரோடு சேர்ந்து ஏடுகளை ஒப்பிட்டுத் திருத்தியவர்.

303-இல் டயோக்ளீஷியன் பேரரசர் ஆலயங்களை இடிக்கவும் வேதநூல்களை எரிக்கவும் ஆணையிட்டார். 307-இல் பம்பிலஸ் சிறையில் அடைக்கப்பட்டார். சிறையிலிருந்தபடியே அவரும் யூசிபியஸும் ஓரிகனுக்கு ஆதரவாக ஐந்து பகுதிகள் எழுதினார்கள். 310-இல் பம்பிலஸ் கொல்லப்பட்டபின், ஆறாம் பகுதியை மாணவர் தனியாக எழுதி முடித்தார். ஆசிரியரின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டு 'பம்பிலஸின் யூசிபியஸ்' என்று அழைக்கப்பட்டார். புத்தகங்கள் தீக்கு இரையாவதைக் கண்ணெதிரே பார்த்தவர் அவர். பழைய கடிதம் ஒன்று கையில் கிடைத்தால் சுருக்கிச் சொல்லாமல் முழுப் பத்தியாக எடுத்தெழுதும் அவருடைய பழக்கத்தை அந்த அனுபவத்திலிருந்து பிரித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

வரலாற்று ஆசிரியர், தஞ்சாவூர்: திருச்சபை வரலாற்றாசிரியர் என்றுதான் அவரை அறிவோம். எகிப்து, பாபிலோன் பற்றி அவர் எழுதியது பொருட்படுத்தத் தக்கதா?

நிச்சயமாக. அவருடைய 'காலக்கணக்கு' நூலுக்கு இரண்டு பாகங்கள். முதல் பாகத்தில் கல்தேயர், அசீரியர், எபிரெயர், எகிப்தியர், கிரேக்கர், ரோமர் ஆகியோரின் அரச வரிசைகளைப் பழைய நூல்களிலிருந்து திரட்டினார். இரண்டாம் பாகத்தில் அவற்றைப் பக்கவாட்டில் பத்தி பத்தியாக நிறுத்தி, ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும் அட்டவணை அமைத்தார். எகிப்தில் இன்னார் ஆண்டபோது ஏதென்சில் யார், யூதேயாவில் யார் என்பதை ஒரே பார்வையில் காணலாம். ஓர் அரசு வீழ்ந்தால் அதன் பத்தி அங்கேயே நின்றுவிடும். பக்கங்களைப் புரட்டப் புரட்டப் பத்திகள் குறைந்து, கடைசியில் ரோம் மட்டும் மிஞ்சுகிறது. வாதம் எதுவும் எழுதாமல், பக்க அமைப்பிலேயே தம் வரலாற்றுப் பார்வையைச் சொல்லிவிட்டார்.

அவருக்கு முன்பு ஜூலியஸ் ஆப்பிரிக்கானஸ் என்பவர் ஆதாமிலிருந்தே ஆண்டுகளை எண்ணினார். யூசிபியஸ் தம் அட்டவணையை ஆபிரகாமிலிருந்து தொடங்கினார். அதற்கு முந்திய காலத்தை உறுதியாகக் கணக்கிட இயலாது என்ற எச்சரிக்கை அவரிடம் இருந்தது. நான்காம் நூற்றாண்டின் பிஷப் ஒருவருக்கு இது சின்னத் துணிவு அல்ல.

பாபிலோனியப் பூசாரி பெரோசஸ், எகிப்தியப் பூசாரி மனேத்தோ ஆகியோரின் நூல்கள் அழிந்துவிட்டன. எகிப்திய அரசர்களை இன்றும் மனேத்தோ வகுத்த வம்ச எண்களால்தான் குறிக்கிறோம். அந்தப் பட்டியல் நம் கைக்கு வந்து சேர்ந்த வழிகளில் யூசிபியஸ் ஒருவர். பெனீசியச் சமயக் கதைகளைச் சொன்ன பைப்ளசின் பைலோ என்பவரின் பகுதிகளையும் 'நற்செய்திக்கு ஆயத்தம்' என்ற நூலில் எடுத்தெழுதினார். அவை வெறும் கற்பனை என்று பலர் ஒதுக்கியிருந்தனர். 1929-இல் சிரியாவின் ராஸ் ஷம்ராவில் உகாரித் களிமண் பலகைகள் வெளிப்பட்டபோது, அந்தக் கதைகளில் வரும் தெய்வப் பெயர்கள் சில உண்மையிலேயே பழமையானவை என்று தெரிந்தது.

அதே நண்பர்: கிரேக்க மூலம் கிடைக்கிறதா?

காலக்கணக்கின் கிரேக்க மூலம் முழுமையாக இல்லை. ஆர்மீனிய மொழிபெயர்ப்பு ஒன்று இருக்கிறது. அது 1818-இல் அச்சேறியது. இரண்டாம் பாகத்தை விவிலியத்தை லத்தீனில் பெயர்த்த அறிஞர் ஜெரோம் லத்தீனில் பெயர்த்து 378 வரை நீட்டினார்.

வாசகர், பரங்கிமலை, சென்னை: தோமா இந்தியாவுக்கு வந்ததற்கு யூசிபியஸ் சாட்சி சொல்கிறாரா? எங்கள் பங்கில் இதைப் பற்றி அடிக்கடி பேச்சு வரும்.

உங்கள் ஆவல் எனக்குப் புரிகிறது. ஆனால் இருப்பதைத்தான் சொல்ல வேண்டும். அவருடைய 'திருச்சபை வரலாறு' நூலின் மூன்றாம் புத்தகத் தொடக்கத்தில், தோமாவுக்குப் பார்த்தியா ஒதுக்கப்பட்டதாக மரபு சொல்கிறது என்று எழுதுகிறார். பார்த்தியா என்பது ஈரானை மையமாகக் கொண்ட பேரரசு. இந்தியா என்ற பெயர் அந்த இடத்தில் இல்லை.

இந்தியா வருவது ஐந்தாம் புத்தகத்தில். இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் அலெக்சாந்திரியாவில் போதித்த பந்தேனஸ் இந்தியா வரை சென்றார் என்றும், பர்த்தலமேயு விட்டுச்சென்ற மத்தேயு சுவிசேஷம் எபிரெய எழுத்தில் அங்கே இருப்பதைக் கண்டார் என்றும் சொல்லப்படுவதாக எழுதுகிறார். 'சொல்லப்படுகிறது' என்று அவரே எச்சரிக்கையாக எழுதுவதைக் கவனியுங்கள். அக்காலக் கிரேக்கர்கள் தெற்கு அரேபியாவையும் எத்தியோப்பியாவையும்கூட இந்தியா என்று அழைத்ததுண்டு. அதே சமயம், எகிப்திலிருந்து முசிறிக்குக் கப்பல்கள் வந்துபோன காலம் அது. அப்பயணம் நடக்க முடியாத ஒன்றல்ல.

தோமாவை இந்தியாவோடு இணைக்கும் பழைய நூல் சிரியாக் மொழியில் எழுந்த 'தோமாவின் பணிகள்'. அது மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, யூசிபியஸுக்கும் முந்தியது. அதில் வரும் கொண்டபாரஸ் அரசரின் பெயர் பொறித்த நாணயங்கள் இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்கில் கிடைத்திருக்கின்றன. யூசிபியஸின் மௌனத்தை வைத்து மயிலாப்பூர் மரபைப் பொய் என்று தள்ள முடியாது. அவருடைய பெயரைச் சொல்லி அதை நிரூபிக்கவும் முடியாது. உங்கள் பங்கில் இரண்டு பக்கத்தாரும் இதை ஏற்றுக்கொண்டால் பேச்சு நல்ல திசையில் போகும்.

வாசகி, யாழ்ப்பாணம்: இந்தியாவைப் பற்றி வேறு எதுவும் எழுதியிருக்கிறாரா?

அழகான இரண்டு குறிப்புகள் உண்டு. ஒன்று, சிரிய அறிஞர் பர்தைசானிடமிருந்து எடுத்தது: இந்தியப் பிராமணர்கள் கொலை செய்வதில்லை, உருவங்களை வணங்குவதில்லை, புலாலும் மதுவும் கொள்வதில்லை என்பது. மற்றொன்று, ஏதென்சில் சாக்ரடீசைச் சந்தித்த ஓர் இந்தியரைப் பற்றிய பழங்கதை. மனித வாழ்வை ஆராய்வதாக சாக்ரடீஸ் சொன்னதும், இறைவனைப் பற்றியவற்றை அறியாமல் மனிதரைப் பற்றியவற்றை எப்படி அறிவீர் என்று அந்த இந்தியர் சிரித்தாராம். உண்மையில் நடந்ததா என்பது வேறு கேள்வி. ஆனால் இப்படி ஒரு கதை கிரேக்க உலகில் உலவியது என்று நமக்குத் தெரிவதே அவர் எடுத்தெழுதியதால்தான்.

ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், கோயம்புத்தூர்: ஆங்கிலேய வரலாற்றாசிரியர் கிப்பன் அவரைக் குறை கூறினார், சுவிஸ் வரலாற்றாசிரியர் பர்க்ஹார்ட் நேர்மையற்றவர் என்றே எழுதினார். இப்படிப்பட்டவரை எப்படி நம்புவது?

இரண்டு குற்றச்சாட்டுகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும், ஐயா.

கிப்பன் சுட்டியது திருச்சபை வரலாற்றின் எட்டாம் புத்தகத்தை. துன்புறுத்தலுக்கு அஞ்சி விசுவாசத்தைக் கைவிட்டவர்களைப் பற்றி எழுதப்போவதில்லை, நமக்கும் பின்வருவோருக்கும் பயன்படுவதையே எழுதுவேன் என்று யூசிபியஸ் அங்கே அறிவிக்கிறார். ஆனால் இதை அவர் மறைக்கவில்லை. விட்டுவிடுகிறேன் என்று வாசகரிடம் சொல்லிவிட்டே விடுகிறார். அதற்குச் சற்று முன்பு, திருச்சபைத் தலைவர்களின் பொறாமையும் சண்டையுமே இந்தத் தண்டனையைக் கொண்டுவந்தன என்று கடுமையாகச் சாடவும் செய்கிறார். இந்தக் குற்றச்சாட்டில் அவர் பக்கம் நிற்பேன்.

அடுத்ததில் நிற்க மாட்டேன். ரோமப் பேரரசர்கள் லிசினியஸும் கான்ஸ்டன்டைனும் கூட்டாளிகளாக இருந்தபோது இருவரையும் புகழ்ந்தார். 324-இல் லிசினியஸ் தோற்றபின் அந்தப் புகழ்ச்சி திருத்தப்பட்டது. சில கையெழுத்துப் பிரதிகளில் பழைய வரிகள் இன்னும் இருக்கின்றன. கான்ஸ்டன்டைன் 326-இல் தம் மூத்த மகன் கிறிஸ்பஸைக் கொல்லச் செய்தார். யூசிபியஸ் முன்பு போற்றிய அந்த இளவரசன், அவர் பிற்பாடு எழுதிய 'கான்ஸ்டன்டைனின் வாழ்வு' நூலில் பெயருக்குக்கூட இல்லை. இரத்தசாட்சிகளைப் பற்றி அவ்வளவு உருக்கமாக எழுதிய கை, அரண்மனையில் கொல்லப்பட்டவனுக்காக ஒரு வரியும் எழுதவில்லை. இது எனக்கு இன்றும் வலிக்கிறது.

ஆகவே, அரசரைப் பற்றி அவர் தம் சொந்தக் குரலில் பேசும் இடங்களைச் சந்தேகத்தோடு படியுங்கள். ஆவணங்களை எடுத்துக் கொடுக்கும் இடங்களில் நம்பிக்கை அதிகம் வைக்கலாம்.

மாணவர், திருச்சிராப்பள்ளி: கான்ஸ்டன்டைனுக்கு வானத்தில் சிலுவை தோன்றிய கதை?

312-இல் ரோமுக்கு அருகே, கான்ஸ்டன்டைன் வென்ற மில்வியன் பாலப் போர் நடந்தது. திருச்சபை வரலாற்றில் அந்தப் போரை விவரிக்கும்போது சிலுவைக் காட்சி பற்றி எதுவும் இல்லை. பேரரசர் 337-இல் மறைந்தபின் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் அது வருகிறது, அதுவும் பேரரசரே சத்தியம் செய்து தம்மிடம் சொன்னார் என்ற உறுதிமொழியோடு. கதைக்குப் பொறுப்பைப் பேரரசரிடமே விட்டுவிடுகிறார் என்றுதான் நான் படிக்கிறேன்.

வாசகி, நாகர்கோவில்: புதிய ஏற்பாட்டுப் பட்டியல் அவர் வகுத்ததா?

இல்லை. தம் காலத்துச் சபைகளில் எவை ஏற்கப்பட்டன, எவை விவாதத்தில் இருந்தன என்று பதிவுசெய்தார். யாக்கோபு, யூதா, 2 பேதுரு, 2, 3 யோவான் ஆகியவை விவாதத்தில் இருந்தவை. வெளிப்படுத்தின விசேஷத்தை ஏற்கப்பட்டவற்றிலும் போலியானவற்றிலும், 'தகுமெனத் தோன்றினால்' என்ற குறிப்போடு வைத்தார்.

அதே வாசகி: எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

முதல் பக்கத்திலிருந்து வேண்டாம். ஐந்தாம் புத்தகத்தின் முதல் அதிகாரத்தை எடுங்கள். 177-இல் இன்றைய பிரான்சிலுள்ள லியோன், வியென் நகரங்களின் சபையார் சின்ன ஆசியாவுக்கு எழுதிய கடிதத்தின் பெரும்பகுதி அங்கே இருக்கிறது. தொண்ணூறு வயதைக் கடந்த பிஷப் பொத்தினஸ், பிளாண்டினா என்ற அடிமைப் பெண் ஆகியோரின் சாவை, அவர்களோடு வாழ்ந்தவர்களே சொல்கிறார்கள். அதன்பின் மூன்றாம் புத்தகத்தின் கடைசிக்குச் செல்லுங்கள். மாற்கு, பேதுருவின் நினைவுகளைச் சரியாக ஆனால் வரிசைப்படுத்தாமல் எழுதினார் என்ற, இரண்டாம் நூற்றாண்டு பிஷப் பாப்பியஸின் சாட்சி அங்கே கிடைக்கும். பாப்பியஸ் அறிவில் மிகச் சிறியவர் என்று யூசிபியஸ் கருதினார். இருந்தும் அவருடைய வார்த்தைகளை எழுதி வைத்தார். பாப்பியஸின் ஐந்து புத்தகங்களும் இன்று இல்லை.